வெயிலில் நிற்கும் டிரம்

அன்புள்ள தம்பி,

ஜெபல் அலியில் கெமிக்கல் யார்டு வேலை கிடைத்ததாக எழுதியிருந்தாய். மிக்க மகிழ்ச்சி. சேருமுன் ஒன்றைத் தெரிந்துகொள். 2021 ஜூலை 7 இரவு, அதே துறைமுகத்தில் ‘ஓஷன் டிரேடர்’ என்ற சிறு கப்பலில் ஒரு கன்டெய்னர் வெடித்தது. கப்பலில் இருந்த 130 கன்டெய்னர்களில் மூன்றில்தான் தீப்பற்றும் சரக்கு. அந்த ஒரு வெடிப்பில் தொலைவில் இருந்த வீடுகளின் ஜன்னல்கள்கூட அதிர்ந்தன. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

அந்தச் சரக்கு ஆர்கானிக் பெராக்சைடு என்று வெடிப்பு தொடர்பான வழக்கில் சொல்லப்பட்டது. அது சிதைய வெளியிலிருந்து நெருப்பு வேண்டியதில்லை, சூடு போதும். சிதையும்போது மேலும் சூடாகும், வாயு பெருகும். வளைகுடா வெயிலில் இது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப்பார். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. நீ நிழலில் இருக்கும் அந்நேரமும் யார்டில் கெமிக்கல் டிரம் வெயிலிலேயே நிற்கும். திரும்பியதும் முதலில் அதன் மேல்தகட்டைப் பார். உப்பியிருந்தால் தொடாதே, நகர்த்தாதே, மூடியைத் தளர்த்தாதே. ஆட்களை விலக்கிவிட்டு சேஃப்டி ஆபீசரைக் கூப்பிடு.

காலி டிரம்மை எல்லோரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிய பயம். தின்னர் நிறைந்த டிரம்மில் ஆவிக்கு இடம் குறைவு. காலியானதில் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். கிரைண்டர் பொறி ஒன்று போதும். தண்ணீர் ஊற்றி அலசினாலும் மடிப்பில் கொஞ்சம் தங்கிவிடும். கறி சுட அடுப்பு செய்யலாம் என்று கேம்ப்பில் யாராவது வெட்டச் சொன்னால், முடியாது என்று சொல்லிவிடு. பிளாஸ்டிக் டிரம் கெமிக்கலை உறிஞ்சி வைத்திருக்கும். அதில் குடிதண்ணீர் பிடிக்காதே.

டிரம் லேபிளில் சிவப்புக் கட்டத்துக்குள் இருக்கும் படங்களைப் படித்துக்கொள்: தீ, மண்டை ஓடு, கையை அரிக்கும் திராவகம். லேபிள் கிழிந்த டிரம்மை முகர்ந்து பார்க்காதே. எஸ்டிஎஸ் என்ற பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேள். அதன் நான்காம் பகுதியில் முதலுதவி இருக்கும். கேட்பதற்குக் கூச்சப்படாதே தம்பி, அது உன் உரிமை.

தீயணைப்புக்கு 997, ஆம்புலன்ஸுக்கு 998. போனில் பதிந்து வை. கண் கழுவும் குழாய் எங்கே என்று முதல் நாளே பார்த்துவிடு. திராவகம் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் இமையைத் திறந்து பிடித்துக் கழுவ வேண்டும்; குழாயைத் தேட அப்போது நேரம் இருக்காது.

அன்புடன்,
அண்ணன்