ஏறினாலும் நசுக்கும், இறங்கினாலும் நசுக்கும்!

திருநெல்வேலி - தூத்துக்குடி ரோட்டில் போகும் காலி டிரெய்லர்களில் ஒரு வரிசைச் சக்கரம் மட்டும் தரையில் படாமல் தூக்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சின்ன வயசில் நான் பஞ்சர் என்று நினைத்தேன். 'அது லிஃப்ட் ஆக்சில்' என்று டிரெய்லர் ஓட்டும் என் சித்தப்பா சொன்னாங்க.

அச்சில் 'பெல்லோ' என்ற ரப்பர் காற்றுப்பைகள் உண்டு. சுமைப்பையில் காற்று நிரம்பினால் அச்சு கீழே அழுந்திப் பாரம் தாங்கும். அதில் காற்றை விட்டு, தூக்கும் பையை நிரப்பினால் அச்சு மேலே ஏறும். காலி வண்டிக்கு டயரும் டீசலும் மிச்சம். லோடு இருந்தால் இறக்கியே ஆகணும். 2018 ஜூலை விதிப்படி நாலு டயர் உள்ள ஒற்றை அச்சு 11.5 டன்தான் தாங்கலாம்.

சோதிக்கும்போதுதான் ஆபத்து. சித்தப்பாகூடப் போன கிளீனர் அண்ணன் காற்றுக் கசிவைத் தேடி அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே கையை விட்டாங்க. கேபினில் யாரோ சுவிட்சைத் தட்ட அச்சு ஏறி, இரண்டு விரல் போச்சு. தூக்கிய அச்சும் காற்று இறங்கினால் 'தொப்'பென்று காலில் விழும்.

இப்போ சித்தப்பா சமதரையில் நிறுத்தி, டயருக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டு, அச்சை இறக்கி, இன்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்ட பிறகுதான் குனிவாங்க. கசிவைக் கையால் தடவ மாட்டாங்க. நீளக் குச்சிப் பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தடவினால் நுரை காட்டிக்கொடுக்கும். ரப்பரில் வெடிப்பு, உரசல் இருக்கா என்று டார்ச் அடித்துப் பார்ப்பாங்க. குழாயைக் கழற்றணும்னா சேசிஸுக்கு ஸ்டாண்டு கொடுத்து, காற்றை முழுசா வெளியேற்றணும். வெறும் ஜாக்கியை நம்பக் கூடாது.

அந்த அண்ணன் இப்போ பெட்டிக்கடை வச்சிருக்காங்க. சில்லறையை இடது கையால்தான் எண்ணுவாங்க.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி