காதுக்குப் பின்னால் வீங்கினால் ஒத்தடம் வேண்டாம்

கேள்வி: வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறோம். மூன்று வயது மகனுக்கு நான்கு மாதத்துக்கு முன் கேரள அரசின் ‘ஸ்ருதிதரங்கம்’ திட்டத்தில் இலவசமாகக் காது கேட்க உதவும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி வைத்தார்கள். குக்கர் விசில் அடித்தால் திரும்பிப் பார்க்க ஆரம்பித்திருந்தான். நேற்று லயத்துப் படியில் விழுந்துவிட்டான். ஆபரேஷன் செய்த இடம் வீங்கியிருக்கிறது. காய்ச்சல் இல்லை. மாமியார் உப்பு ஒத்தடம் போதும் என்கிறார். அடுத்த மாதச் செக்கப் வரை பொறுக்கலாமா, டாக்டர்?
- ஒரு தாய், இடுக்கி மாவட்டம்

பதில்: பொறுக்கக் கூடாது அம்மா. இதழ் அச்சாகும்வரை காத்திருக்கிற கேள்வி இல்லை இது. அதனால்தான் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்கு ஃபோன் செய்து, ஆபரேஷன் செய்த இடத்துக்கே உடனே போகச் சொன்னேன். காரணத்தை மற்ற பெற்றோருக்காகவும் எழுதுகிறேன்.

கருவியின் உள்பகுதி காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், மண்டை எலும்பை ஒட்டி இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அங்கே தோல் மெல்லியது. அடிபட்டால் இரத்தம் கட்டலாம்; உள்ளிருக்கும் காந்தம் நகரலாம்; கருவியே பழுதாகலாம். விழுந்த பிறகு மாட்டியிருந்தால், வெளியே மாட்டும் வட்டக் காயில் (coil) முன்புபோல் ஒட்டாமல் நழுவியதா, விசில் சத்தத்துக்குப் பிள்ளை திரும்பாமல் இருந்தானா என்று நினைத்துப் பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். எக்ஸ்ரேயும் ஆடியாலஜிஸ்ட் செய்யும் சோதனையும் மீதியைச் சொல்லிவிடும். டாக்டர் பார்க்கும்வரை வீக்கத்தின் மேல் காயிலை மாட்டாதீர்கள். சூடான உப்பு அந்தத் தோலைப் புண்ணாக்கிவிடும். பக்கத்துக் கிளினிக்கில் ஊசி குத்தி நீரை எடுக்கவும் விடாதீர்கள். அந்த வழியே கிருமி போய்க் கருவியில் படிந்துவிட்டால் மருந்துக்கு எளிதில் மசியாது. கருவியையே எடுக்க வேண்டி வரலாம்.

ஆபரேஷனால் முகம் கோணிவிடுமோ என்றுதான் பெற்றோர் பெரும்பாலும் பயப்படுகிறார்கள். முக நரம்பு பக்கத்தில்தான் ஓடுகிறது. ஆனாலும் அது நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே பாதிக்கப்படுகிறது. எனக்குப் பயம் மூளைக்காய்ச்சல்தான். உட்காதிலிருந்து மூளையைச் சுற்றிய நீருக்கு வழி உண்டு. நடுக்காதில் வரும் சீழ் உட்காதுக்குப் போய் அந்த வழியாக ஏறலாம். அமெரிக்காவில் 1997 முதல் 2002 வரை கருவி வைத்த 4,264 குழந்தைகளை ஆராய்ந்ததில் 26 பேருக்கு மூளைக்காய்ச்சல் வந்திருந்தது. கருவியின் மின்முனையை உட்காதில் நெருக்கிப் பிடிக்கச் செருகிய ஒரு சிறு துண்டு இருந்த பிள்ளைகளுக்கே ஆபத்து அதிகம். அந்தத் துண்டை 2002-லேயே விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இருந்தும் ஆபத்து முழுவதும் போய்விடவில்லை. ஆகவே நிமோகாக்கல் தடுப்பூசியை விடக் கூடாது. கைக்குழந்தைக்கு அரசு போடும் ஊசிகளோடு, இரண்டு வயது தாண்டியதும் 23 வகைக் கிருமிகளைத் தடுக்கும் ஊசி ஒன்றும் வேண்டும். ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே முடிப்பது முறை. விட்டுப்போயிருந்தால் இப்போதாவது டாக்டரிடம் கேளுங்கள்.

காய்ச்சலோடு வாந்தி, கழுத்து விறைப்பு, விடாத அழுகை, மயக்கமான தூக்கம் கண்டால் பெரிய ஆஸ்பத்திரி தேடிக் கோட்டயத்துக்கு மலையிறங்கும்வரை காத்திருக்காதீர்கள். கிட்டத்து ஆஸ்பத்திரிக்கு அந்த இராத்திரியே போய், “பிள்ளை காதில் கருவி இருக்கிறது” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சித்தூர், கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோயம்புத்தூருக்கு ஓடும் பெற்றோருக்கும் இதேதான். கருவியின் அடையாள அட்டையைக் காட்டாமல் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் படுக்க வைக்காதீர்கள். அந்த அட்டையை இன்றைக்கே பிள்ளையின் பையில் வைத்துவிடுங்கள்.