கடற்பசுவும் பச்சை ஆமையும்: ஒப்பிடும் வினாவுக்கு விடையளித்தல்

மாதிரி வினா: மன்னார்க் குடாவின் கடற்புற் படுக்கைகளில் மேயும் கடற்பசுவையும் பச்சை ஆமையையும் பாகுபாடு, வாழிடம், பாதுகாப்பு நிலை என்பவற்றின் அடிப்படையில் ஒப்பிடுக.

மாணவர் பலர் வழுக்கும் இடம் பாகுபாடே. ஒரே கடல், ஒரே உணவு, துடுப்புப் போன்ற முன்னவயவங்கள். ஆகவே இரண்டும் நெருங்கிய உறவு என எழுதிவிடுகின்றனர். (கடற்பசுவை மீன் என்போரும் உளர்!) ஒரே சூழலுக்கு இசைவாக்கமடைந்தமை உறவைக் காட்டாது.

இரண்டும் விலங்கு இராச்சியம், கணம் கோடேற்றா. அத்துடன் பாதை பிரிகிறது. கடற்பசு வகுப்பு மமேலியா, வருணம் சைரேனியா. குட்டி ஈன்று பாலூட்டும். இன்றுள்ள தரைவிலங்குகளில் யானை அதற்கு நெருங்கிய உறவு. பச்சை ஆமை வகுப்பு ரெப்ரீலியா, செதிலுடையது, முட்டையிடும். இனப்பெயர்கள் முறையே டியூகொங் டியூகொன், கெலோனியா மைடாஸ். விஞ்ஞானப் பெயரைக் கையால் எழுதும்போது இரு சொற்களையும் தனித்தனியே கீழ்க்கோடிடுக.

வாழிடம்: கடற்பசு இந்து, மேற்குப் பசுபிக் சமுத்திரங்களின் ஆழங்குறைந்த கரையோரங்களிலேயே முழு வாழ்வையும் கழிக்கும். ஆமை பரந்த வெப்பக் கடல்களில் திரிந்தாலும், முட்டையிட மணற்கரைக்கு வந்தாக வேண்டும். தங்காலைக்கு அண்மையிலுள்ள ரெக்காவ இதற்குப் பெயர்பெற்றது. கடற்புல் பாசியன்று, பூக்குந் தாவரம் என்பதையும் சேர்த்தெழுதுக.

பாதுகாப்பு நிலையில் பழைய குறிப்புகளை நம்பவேண்டாம். 1982 முதல் அழிவாபத்தில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்ட பச்சை ஆமை, 2025 ஒக்டோபரில் உலகச் சிவப்புப் பட்டியலில் குறைந்த கரிசனைக்குரியதாக மாற்றப்பட்டது. கடற்பசுவோ இன்னும் பாதிப்புறத்தக்க இனமே.

ஏன் இவ்வேறுபாடு? புள்ளிகள் இங்கேதான் உள்ளன. ஆமை ஒரு தடவையில் ஏறத்தாழ 100 முட்டைகள் இடும். பெரும்பாலான குஞ்சுகள் இறந்தாலும், முட்டையிடுங் கரைகளைக் காத்து, முட்டை சேகரிப்பையும் வேட்டையையும் தடுத்தால் தொகை மீளலாம். கடற்பசு ஓராண்டுக்கு மேல் கருவைச் சுமந்து ஒரு குட்டியே ஈனும். அடுத்த குட்டிக்குப் பல ஆண்டுகள் செல்லும். காவல் நிற்க ஒரு கரையும் அதற்கில்லை. வலையிற் சிக்கினால், மேலே வந்து சுவாசிக்க முடியாமல் மூழ்கி இறக்கும். இழுவை மடியால் கடற்புல் அழிந்தால் உணவும் போய்விடும்.

மேற்கூறியது உலக நிலை. நாடுகளின் தேசியப் பட்டியல்கள் வேறுபடலாம். இலங்கையில் இரண்டையும் பிடிப்பதும் கொல்வதும் சட்டப்படி குற்றம். விடையில் "உலக நிலை" என்பதையும் ஆண்டையும் குறிப்பிடுக.