சத்தத்தைப் பிடிப்பவருக்கே அடுத்த வண்டி

ஜெகதளாவில் ஒர்க்‌ஷாப் போடப் போகிறீர்களா? அருவங்காட்டிலோ குன்னூரிலோ மெக்கானிக் வேலை தேடுகிறீர்களா? உங்கள் நிஜமான போட்டி மேட்டுப்பாளையமும் கோவையும்தான். பழைய டாடா 207-லோ பொலிரோ பிக்கப்பிலோ நாக்கிங் சத்தம் நிற்காவிட்டால், ஓனர் வண்டியைக் கீழே இறக்கிவிடுவார். அங்கே லேத் உண்டு, ஸ்பேர் உண்டு, ஆள்பலமும் உண்டு. உங்களிடம் இருப்பது மேடு. லோடோடு மூன்றாவது கியரில் ஏறும்போது மட்டும் கேட்கும் சத்தம் சமவெளி ரோட்டில் சுலபமாக வெளியே வராது. அதை வரவழைக்கும் ரோடு உங்கள் ஷெட் வாசலிலேயே கிடக்கிறது. அதை வைத்துப் பிழைக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

1. ஸ்பேனரை எடுக்கும் முன் ஓனரை விசாரியுங்கள். சத்தம் காலையிலா, சூடான பிறகா? ஏறும்போதா, ஆக்சிலரேட்டரை விடும்போதா? கடைசியாக எப்போது ஆயில் மாற்றினார்? வண்டி கேரட் மூட்டையோடு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிறதா, பச்சைத் தேயிலையோடு பக்கத்து ஃபேக்டரிக்கு நின்று நின்று ஓடுகிறதா? பதிலை ஜாப் கார்டில் எழுதுங்கள். அவர் கண்முன்னே எழுதுங்கள். எழுதுகிற மெக்கானிக்கிடம் பேரம் பேச ஆள் கொஞ்சம் யோசிப்பார்.

2. ஆயில் லெவலைச் சமதளத்தில் பாருங்கள். நம் ஊரில் வண்டி பாதி நேரம் சரிவில்தான் நிற்கும். சரிவில் டிப்ஸ்டிக் பொய் சொல்லும். லெவல் மேலே ஏறியிருந்து டீசல் வாடை அடித்தால் நாஸிலோ பம்ப்போ கசிகிறது. நீர்த்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும்.

3. சில்லறைக் காரணங்களை முதலில் கழியுங்கள். கிழிந்த இன்ஜின் மவுண்டிங், தளர்ந்த ஆல்டர்னேட்டர் பிராக்கெட், ஆட்டம் கண்ட ஃபேன், கிளட்ச் பக்கத்துச் சத்தம். இதற்கெல்லாம் இன்ஜினை இறக்கிய ஒர்க்‌ஷாப்கள் உண்டு. பணம் ஒருமுறை வரும், அந்த ஓனர் மறுபடி வரமாட்டார்.

4. இனி காதுக்கு வேலை. பெயர் வாங்குவதும் கெடுவதும் இங்கேதான், அவசரப்படாதீர்கள்.

லேசான 'டிக் டிக்', இன்ஜின் வேகத்தில் பாதிக் கணக்கில் வந்தால் டேப்பட். ஃபீலர் கேஜ் போதும். குளிரில் ஸ்டார்ட் செய்ததும் கொட்டி, சூடேறியதும் அடங்கினால் பிஸ்டன் லைனரில் அடிக்கிறது. சூடேற ஏற சத்தம் கூடி, ஆக்சிலரேட்டரைப் பாதியில் பிடித்தாலோ விட்டாலோ 'டக் டக்' என்று தெளிவாகக் கேட்டால் பிகெண்ட் பேரிங்கைச் சந்தேகியுங்கள். சூட்டில் ஆயில் இளகி, தேய்ந்த இடைவெளி வெளியே தெரிகிறது. லோடு ஏறும்போது அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் கனமான 'தொம்' என்றால் மெயின் பேரிங்.

குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய டீசல் இன்ஜினில், பனி விழும் மார்கழிக் காலையில், டீசல் தாமதமாகப் பற்றி ஒரேயடியாக வெடிக்கும். அந்த டீசல் நாக்கிங்கைக் கேட்டுப் பேரிங் போய்விட்டது என்று சொல்லிவிடாதீர்கள். இன்ஜினைச் சூடாக்கி மறுபடி கேளுங்கள். அப்போதும் சத்தம் அடங்காவிட்டால் நாஸில் டெஸ்ட், பிறகு பம்ப் டைமிங்.

5. எந்த சிலிண்டர் என்று பிடியுங்கள். பழைய மெக்கானிக்கல் பம்ப் என்றால் ஐடிலில் ஒவ்வொரு நாஸில் பைப் நட்டாகத் துணி சுற்றித் தளர்த்துங்கள். கண்ணாடி போடுங்கள். எதைத் தளர்த்தும்போது சத்தம் குறைகிறதோ, கோளாறு அந்த சிலிண்டரில். எல்லாவற்றிலும் ஒரே சத்தம் என்றால் மெயின் பேரிங்கையோ வெளி பாகங்களையோ பாருங்கள். காமன் ரெயில் இன்ஜினில் இதைச் செய்யவே கூடாது. அங்கே பிரஷர் 1,000 பாருக்கும் மேல், டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஸ்கேனரில் சிலிண்டர் கட் செய்யுங்கள். ஐடிஐ-யில் ஓராண்டு மெக்கானிக் டீசலோ ஈராண்டு மோட்டார் வெகிக்கிளோ முடித்தவர்கள் ஸ்கேனர் பழகிக்கொண்டால், ட்ரேட் டெஸ்ட்டில் பக்கத்தில் நிற்பவரைவிட ஒரு படி மேலே நிற்பார்கள்.

6. ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்பை விரித்து வெயிலில் காட்டுங்கள். மினுங்கும் செதில் இருந்தால் ஓனருக்கு விளக்கமே வேண்டாம். ஆயில் பிரஷரை மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, இன்ஜின் சூட்டில் அளந்து குறியுங்கள். டேஷ்போர்டு லைட்டை நம்பி முடிவு சொல்லாதீர்கள்.

7. கண்டுபிடித்ததற்குக் காசு கேளுங்கள். கூச்சம் வேண்டாம். "அண்ணா, சத்தம் எங்கேன்னு பார்க்க தனி சார்ஜ். இங்கேயே வேலை கொடுத்தா பில்லுல கழிச்சுக்கறேன்" என்று முதலிலேயே சொல்லுங்கள். எஸ்டிமேட்டை இரண்டாகப் பிரியுங்கள்: சம்ப்பைக் கழற்றி பேரிங் பார்க்க இவ்வளவு, க்ராங்க் கிரைண்டிங்குக்குப் போனால் இவ்வளவு. சத்தத்தை மொபைலில் பதிந்து, வேலைக்கு முன்னும் பின்னும் ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அது ஸ்டாண்டில் நாலு டிரைவர் கைக்குப் போகும்.

8. பிகெண்ட் உறுதி, பிரஷர் இல்லை, ஃபில்டரில் செதில் என்றால் வண்டியை ஓட்டிப் போக விடாதீர்கள். "இன்னைக்கு ஒரு லோடு மட்டும்" என்று ஓனர் கெஞ்சுவார். கனெக்டிங் ராட் உடைந்து பர்லியாறு இறக்கத்தில் இன்ஜின் நின்றால் பிரேக்குக்கு வரும் வேக்குவம் உதவி நின்றுபோகும். பின்னால் கேரட் மூட்டை, முன்னால் கொண்டை ஊசி வளைவு. வேறு வண்டி பிடித்து லோடை மாற்ற நீங்களே போன் போட்டுக் கொடுங்கள். சொன்னதைக் கேட்காமல் எடுத்துப் போகத் துணிந்தால் ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உடனே டிரைவரையும் தனியாகக் கூப்பிட்டு அதே விஷயத்தைச் சொல்லுங்கள், ஸ்டியரிங்கில் உட்காரப் போவது அவர்.