பந்தற் பயிர்களின் பழ ஈ: படம் பிடித்து இனங்காணும் முறை

பாகல், புடோல், பீர்க்கு, வெள்ளரி ஆகியவற்றின் பிஞ்சுகள் ஒருபுறம் வளைந்து, மஞ்சள் நிறமடைந்து, உள்ளே அழுகுவதற்குப் பெரும்பாலும் பழ ஈயே காரணமாகும். பெண் ஈ பிஞ்சின் தோலைத் துளைத்து முட்டையிடும். துளைத்த இடத்திற் பிசின் கசிந்து உறைந்திருக்கும். குடம்பிகள் உட்சதையைத் தின்று வளர்ந்து, மண்ணிற் புகுந்து கூட்டுப்புழுவாகும்.

இக்காலத்திற் கமக்காரர் பலர் தோட்டத்திற் கண்ட ஈயைக் கைத்தொலைபேசியிற் படம் பிடித்து விவசாயப் போதனாசிரியருக்கு அனுப்புகின்றனர். இது நல்ல வழக்கமே. ஆயினும் வந்து சேரும் படங்களுட் பல, பச்சை இலை நடுவே ஒரு கரும்புள்ளியையன்றி வேறெதனையும் காட்டுவதில்லை.

ஈயின் இனத்தை அறிவது வெறும் பெயரறியும் ஆசைக்காக அன்று. மாம்பழ ஈயின் ஆண்கள் மீதைல் இயூஜினோல் என்னும் கவர்பொருளை நாடி வரும். பூசணிக் குடும்பப் பயிர்களைத் தாக்கும் ஈயோ அதனை நாடுவதில்லை. அதன் ஆண்களுக்குக் கியூலூர் என்னும் வேறொரு கவர்பொருள் வேண்டும். பாகற் பந்தலில் மாந்தோப்புக்குரிய பொறியைக் கட்டியவர், சில நாட்களிற் போத்தலில் ஈக்கள் நிறைந்திருக்கக் கண்டு மகிழ்வார். அவை அயலிலுள்ள மா, கொய்யா மரங்களிலிருந்து வந்தவை. பாகற்காய் முன்போலவே அழுகிக்கொண்டிருக்கும். பணமும் போய்ப் போகமும் போகும்.

முதலிற் செட்டைகளை எண்ணுக. ஈக்கு இரண்டு செட்டைகளே உண்டு, குளவிக்கு நான்கு. மஞ்சட் கோடுடைய சிறு பூச்சி யாவும் பழ ஈ ஆகா. பூக்களின்மேல் அந்தரத்தில் நின்றாற்போற் பறக்கும் ஓர் ஈ உண்டு. அதன் வயிறு தட்டையாய்க் குறுக்குப் பட்டைகளுடன் இருக்கும். அவ்வகை ஈக்கள் பலவற்றின் குடம்பிகள் குருத்துகளில் மொய்க்கும் அழுக்கணவனைத் தின்பவை. இதனைப் பகையென்று எண்ணி மருந்து தெளிப்பவர் தம் வேலையாளைத் தாமே கொல்பவராவார். அழுகிய காயைச் சுற்றும் மூன்று மில்லிமீற்றர் அளவான செங்கண் ஈக்கள் அழுகலை நாடி வந்தவையேயன்றி, அழுகலுக்குக் காரணமானவை அல்ல.

பூசணிக் குடும்பப் பழ ஈ ஏறக்குறைய எட்டு மில்லிமீற்றர் நீளமுடையது, செம்பழுப்பு நிறமானது. அதன் நெஞ்சின் முதுகுப்புறத்தில் நடுவே ஒன்றும் பக்கங்களில் இரண்டுமாக மூன்று மஞ்சட் கோடுகள் உள்ளன. செட்டையின் முன்விளிம்பிலுள்ள பழுப்புப் பட்டை நுனியில் விரிந்து பெரும்புள்ளியாகின்றது. மாம்பழ ஈக்கு நடுக்கோடு இல்லை. பக்கக் கோடுகள் இரண்டே. முதுகு பெரும்பாலும் கருமையாயிருக்கும். செட்டையின் விளிம்புப் பட்டை ஒடுங்கியது. வயிற்றிலுள்ள கருங்கோடுகளை நம்ப வேண்டாம். அவை இரண்டிலும் காணப்படும்.

ஆகவே படத்தில் முதுகும் செட்டைகளும் தெளிவாகத் தெரிதல் வேண்டும். பறக்கும் ஈயைத் துரத்திப் படம் பிடித்தல் வீண் வேலை. ஈயை ஒளி ஊடுருவும் போத்தலில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டிற் சில நிமிடங்கள் வைத்தால் அது சோர்ந்து அசையாதிருக்கும். பின் வெள்ளைத் தாளில் இட்டு, அருகே அடிமட்டத்தை வைத்து, நிழலான பகல் வெளிச்சத்தில் நேர்மேலிருந்து ஒரு படமும் பக்கத்திலிருந்து ஒரு படமும் எடுக்க. தொலைபேசியை மிக நெருக்கினாற் படம் மங்கிவிடும். சற்று விலக்கி எடுத்துப் பின்னர் பெருப்பித்துக் கொள்ளலாம். கைவில்லை இருப்பின் அதனைத் தொலைபேசியின் வில்லைமுன் பிடிக்கலாம். தாக்கப்பட்ட காயின் படம், பயிரின் பெயர், ஊர், திகதி ஆகியவற்றையும் உடன் அனுப்புதல் வேண்டும்.

குடம்பியின் படத்தைக் கொண்டு இனத்தைக் கூற இயலாது. புழு விழுந்த காயை ஈரமணல் இட்ட பாத்திரத்தில் வைத்து, வாயைத் துணியாற் கட்டி, ஈ வெளிப்படும்வரை காத்திருக்க வேண்டும். வெளிப்பட்ட அன்றே படம் எடுக்கலாகாது. நிறம் ஏறாத இளம் ஈ வேறோர் இனம்போலத் தோன்றும். நான்கு நாட்கள் சீனிநீர் ஊட்டி வைத்திருந்து எடுக்க.

படத்திற்கும் ஓர் எல்லை உண்டு. 2003 ஆம் ஆண்டிற் கென்யாவிற் காணப்பட்ட ஒரு பழ ஈக்கு 2005 இல் இன்வாடென்ஸ் எனப் புதுப்பெயரிட்டனர். அது இலங்கையிலும் உண்டு. 2015 இல் அது பழைய மாம்பழ ஈயே என ஆய்வாளர் நிறுவினர். 1994 இற் பெயரிடப்பட்ட கண்டியென்சிஸ் என்னும் நெருங்கிய இனமும் இந்நாட்டில் உள்ளது. கையடக்கப் படத்தைப் பார்த்து இவற்றைப் பிரித்துரைப்பவர் சொல்லை நம்ப வேண்டியதில்லை. கமக்காரருக்கு அதனால் நட்டமுமில்லை; இரண்டும் மீதைல் இயூஜினோலுக்கு வருபவையே.

நெல் வயலிலும் இவ்வாறே. குருத்தை வெங்காயத்தாள்போல் ஆக்கும் சிற்றீ, விளக்கடியில் நுளம்புபோலவே தோன்றும். அதனை விடுத்து, குருத்தைப் படம் எடுப்பதே மேல்.

படம் எடுத்த ஈயை எறிந்துவிட வேண்டாம். சிறு போத்தலில், மருந்துக் கடையில் விற்கும் ஸ்பிரிற்றில் இட்டு வைத்தால், படத்தில் ஐயம் எழும்போது உங்கள் பிரிவுப் போதனாசிரியர் அதனை நேரிற் பரிசோதிக்கலாம். பயிர், ஊர், திகதி எழுதிய கடதாசித் துண்டைப் போத்தலின் உள்ளேயே இடுக. பென்சிலால் எழுதுக, பேனா மை ஸ்பிரிற்றிற் கரைந்துவிடும்.