சமயப் பாடம்: ரோமாபுரியின் கோயில்கள் ஏன் மூடின?



மெர்போக்கில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கு உங்களில் பலர் பள்ளிச் சுற்றுலாவில் போயிருப்பீர்கள். அங்கே புக்கிட் பத்து பஹாட் சண்டி என்று ஒரு கல் அடித்தளம் இருக்கிறது. ஒரு காலத்தில் அது கோயில். சிவன் கோயிலாக இருந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. இன்றைக்கு அங்கே பூசையும் இல்லை, விளக்கும் இல்லை. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

ஆள் நிறைந்த கோயில் எப்படி வெறும் கல்லாகிறது? கடாரத்து மக்கள் இதைப் பற்றி எழுதி வைத்தது நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ரோமாபுரியிலும் இப்படி நடந்தது. அங்கே நடந்தது பெரும்பாலும் எழுத்தில் இருக்கிறது. அதனால் இந்தப் பாடத்துக்கு ரோமாபுரிக்குப் போவோம்.

ரோமர்கள் எப்படிக் கும்பிட்டார்கள்?

கேட்டால் நம்ம வீடு மாதிரியே தோன்றும். அடுப்பு நெருப்புக்கு வெஸ்தா என்ற தேவி. வாசலுக்கு யானுஸ். வீட்டைக் காக்கும் தெய்வங்களுக்கு லாரெஸ் என்று பெயர். வீட்டுக்குள்ளே சின்ன மாடம் வைத்து அவர்களுக்குத் தூபமும் உணவும் படைத்தார்கள். முச்சந்தியிலும் சிறு கோயில் உண்டு. தோட்டத்து முச்சந்தியில் முனீஸ்வரர் இருப்பாரே, அந்த மாதிரி. முச்சந்தித் தெய்வத்தின் திருநாளில் அடிமைகளுக்கும் பங்கு உண்டு. தோட்ட மேற்பார்வையாளனே அன்றைக்கு முன்நின்று பூசை செய்யலாம்.

ஆனால் ஊர்ப் பெரிய கோயில்கள் அரசாங்கத்தின் கையில் இருந்தன. பூசாரிப் பதவி பெரும்பாலும் பிரபுக்களுக்கே போனது. ஜூலியஸ் சீசர் கி.மு. 63-இல் தலைமைப் பூசாரி ஆனார். அவர் அரசியல்வாதி, தேர்தலில் நின்று ஜெயித்து வாங்கிய பதவி அது! பலி, ஊர்வலம், திருவிழா எல்லாம் பிரமாதமாக நடந்தன. இந்தத் தெய்வம் யார், ஏன் கும்பிடுகிறோம், எப்படி வாழணும் என்று பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் மட்டும் கோயிலில் இல்லை.

கிறிஸ்துவம் எப்படி வளர்ந்தது?

அரசன் மாறினான், சமயம் மாறியது என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். கொன்ஸ்தந்தீன் பேரரசர் 313-இல் கிறிஸ்துவர்களுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்தார். தியோடோசியஸ் 380-இல் அதை அரசாங்கச் சமயமாக்கி, 391-இல் பழைய கோயில்களில் பலியிடத் தடை போட்டார். ஆனால் அதற்கு முன்னே, 303-இல் டயோக்ளீசியன் தேவாலயங்களை இடிக்கச் சொல்லி, நூல்களை எரிக்கச் சொல்லியும் கிறிஸ்துவம் அழியவில்லை. ஏன்?

ஒரு கணக்கு சொல்கிறேன். 251-ஆம் ஆண்டு வாக்கில் ரோம் நகர ஆயர் எழுதிய கடிதத்தில், விதவைகளும் ஏழைகளுமாக 1,500-க்கும் மேற்பட்டவர்களைத் தம் சபை பராமரிப்பதாகச் சொல்கிறார். அதே காலத்தில் பெரிய கொள்ளைநோய் வந்தது. பல கிறிஸ்துவர்கள் ஓடாமல் நின்று நோயாளிகளைப் பார்த்தார்கள், செத்தவர்களை அடக்கம் செய்தார்கள். சேர விரும்பியவர்களுக்கு முதலில் பாடம் நடத்தி, பிறகுதான் ஞானஸ்நானம் கொடுத்தார்கள்.

இதைச் சரியாகக் கண்டுபிடித்தவர் ஜூலியன் பேரரசர். கிறிஸ்துவராக வளர்ந்து, பழைய சமயத்துக்குத் திரும்பியவர். 361 முதல் 363 வரை ஆண்டார். தலைமைப் பூசாரி ஒருவருக்கு அவர் எழுதியதாக ஒரு கடிதம் உண்டு. கிறிஸ்துவர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள், நம் ஆட்களோ கை கொடுப்பதில்லை என்று அதில் வருத்தப்படுகிறார். ஊருக்கு ஊர் சத்திரம் கட்டச் சொல்லித் தானியமும் ஒதுக்குகிறார். ஆனால் போரில் காயம்பட்டு, இரண்டு வருடம் முடிவதற்குள் இறந்துவிட்டார். அரசன் போனதும் திட்டமும் போனது. அதைத் தூக்கிச் செய்ய ஊரில் ஆள் இல்லை.

யாழ்ப்பாணத்தில் ஒருவர்

ஜூலியன் நினைத்ததைப் பல நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு தமிழர், அரச அதிகாரம் எதுவும் இல்லாமல் செய்தார். அவர் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). மிஷன் பள்ளியில் படித்து, பெர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் துணையாக இருந்தவர். மிஷனரிகள் பள்ளி, அச்சகம், பிரசங்கம் என்ற மூன்றால் வளர்வதைக் கிட்ட இருந்து பார்த்தார். அவர்களைத் திட்டுவதோடு நிற்கவில்லை. 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப் பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அச்சு இயந்திரம் வாங்கினார். பிள்ளைகளுக்குப் பாலபாடமும் சைவ வினாவிடையும் எழுதினார். பஞ்ச காலத்தில் கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தவர்களுக்கு ஊற்றினார்.

அவரிடம் ஒரு குறையும் உண்டு. சாதி வரம்பை அவர் விடவில்லை. அடிமையையும் விதவையையும் சேர்த்துக்கொண்டதால்தான் ரோமாபுரியில் கிறிஸ்துவம் வேர்விட்டது என்பதை இங்கே நினைத்துப் பாருங்க.

நம்ம தோட்டத்தில்

மலாயாத் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகள் பால் வெட்டிய கூலியில் கோயில் கட்டினார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பிள்ளைகள் பாடாங் செராய், லூனாஸ், கூலிம், சுங்கைப் பட்டாணி என்று போய்விட்டார்கள். திருவிழாவுக்கு மட்டும் எல்லாரும் வருகிறார்கள். கூடாரம், பந்தல், அன்னதானம், ஒலிபெருக்கி, எதுவும் குறைவதில்லை. மறுநாள் பூசாரியும் நாலு பாட்டிமார்களும்தான்.

இந்தப் பாடம் கிறிஸ்துவர்களைக் குறை சொல்ல அல்ல. நம் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வேறு சமயத்துக்குப் போனால், “காசு கொடுத்து இழுத்துட்டாங்க” என்று சொல்லிவிடுவது சுலபம். அவர் மருத்துவமனையில் கிடந்தபோது கோயில் கமிட்டியிலிருந்து யார் போய்ப் பார்த்தார்கள்? அவருடைய மகளுக்குத் தேவாரம் யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அதையும் கேட்கணும். திருவிழாச் செலவில் ஒரு பங்கை ஒதுக்கினாலே ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்புக்குப் புத்தகம் வாங்கலாம், தனியாக இருக்கும் பாட்டிக்கு மாதாமாதம் அரிசி கொடுக்கலாம். இதற்குப் பேரரசர் தேவையில்லை, நாலு இளைஞர்கள் போதும்.

வகுப்பில் பேசுங்கள்

1. உங்கள் வீட்டுக் குலதெய்வம் யார்? அவர் கதையை யாரிடம் கேட்டீர்கள்?
2. ஜூலியன் திட்டம் நிற்கவில்லை, நாவலர் பள்ளி நின்றது. ஏன்?
3. உங்கள் கோயிலுக்கு அருகில் தனியாக இருக்கும் முதியவர்கள் எத்தனை பேர்? அடுத்த வகுப்புக்குள் போய்ப் பார்த்து, எண்ணிக்கொண்டு வாருங்கள்.