கார்டின் பெயரைக் கடைசி எழுத்து வரை படியுங்கள்

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பெட்டியில் பிஓபி என்று போட்டிருந்தால் அது இலைத் துண்டின் அளவுக்குப் பெயர், சுவைக்குப் போட்ட மார்க் இல்லை. கிராபிக்ஸ் கார்டின் எண்ணும் அதே ஜாதி. 3050, 4060, 7600 எல்லாம் கம்பெனிக்காரன் வைத்த பெயர். வேகத்தை அளந்து எழுதிய கணக்கு அல்ல. இது தெரியாமல் முதல் பிசிக்குக் காசைக் கொட்டியவர்களைப் பிரிஞ்சாங்கில் பார்த்திருக்கிறேன், ரிங்லெட்டில் பார்த்திருக்கிறேன், தானா ராத்தாவில் எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

அக்கா மகன் எஸ்பிஎம் முடித்துவிட்டு ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் வேலை செய்து சேர்த்த காசில் ஆன்லைனில் ஒரு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ வாங்கினான். "மாமா, திரை நல்லாத்தான் வருது. கேம் திறந்தா மட்டும் கருப்பாயிடுது" என்று தூக்கிக்கொண்டு வந்தான். வெளியே மழை. கார்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத் தகட்டில் நீல நிற விஜிஏ துளை, இரு பக்கமும் குட்டித் திருகு. அப்போதே வயிற்றைக் கலக்கியது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை இறக்கி ஓட்டினோம். பெயர்க் கட்டத்தில் முதல் சொல்லே ‘ஃபேக்’. உள்ளே இருந்தது 2011இல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐயின் சிப். அதன் பயாஸை மாற்றி எழுதி, 1050 டிஐ என்று பொய் சொல்ல வைத்திருந்தார்கள்.

கோலாலம்பூர்க்காரர் ஏமாந்தால் லோ யாட் பிளாசாவுக்குப் போய்ச் சண்டையாவது போடலாம். நமக்கு மலையிறங்கித் தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ போக வேண்டும், இல்லையென்றால் கொரியரில் போட்டுவிட்டு நாளை எண்ண வேண்டும். அதனால், கூடையில் போட்டு வைத்திருக்கும் கார்டை இப்போதே போனில் திறந்துகொண்டு மேலே படியுங்கள்.

செய்ய வேண்டியவை

• எண்ணை இரண்டாக வெட்டிப் படியுங்கள். என்விடியாவில் முதல் இரண்டு இலக்கம் தலைமுறை, பின்னிரண்டு அந்தத் தலைமுறைக்குள் அதன் படி. 4060 என்றால் 40ஆம் வரிசையில் 60ஆம் படி. முதல் பிசி கட்டுகிற பெரும்பாலோருக்கு 50, 60 ஆகிய படிகளே போதும்.

• ஏஎம்டியில் எண் வைக்கும் முறை மாறியதை மனதில் வையுங்கள். ஆர்எக்ஸ் 7600இல் 7 தலைமுறை, அடுத்த 6 படி. 2025இல் வந்த 9060, 9070இல் படியை என்விடியா மாதிரி பின்னால் தள்ளிவிட்டார்கள். நடுவில் 8000 வரிசையில் கடையில் வாங்கிச் சொருகும் டெஸ்க்டாப் கார்டே வரவில்லை. இருக்கிறது என்று யாராவது சொன்னால் கடையை மாற்றுங்கள்.

• இன்டெல் ஆர்க்கில் எழுத்தைப் பாருங்கள். ஏ முதல் தலைமுறை, பி அடுத்தது. ஏ750ஐ விட பி580 எண்ணில் சின்னது, வயதில் புதுசு. ஆனால் பழைய மதர்போர்டில் ரீசைசபிள் பார் வசதி இல்லையென்றால் ஆர்க் பக்கமே போக வேண்டாம், வேகம் படுத்துவிடும்.

• வால் எழுத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள். டிஐ, சூப்பர், எக்ஸ்டி எல்லாம் அலங்காரம் இல்லை. 4060இல் 3072 கோர். 4060 டிஐயில் 4352. சிப்பே வேறு. விளம்பரத்தில் வால் உதிர்ந்திருந்தால் அது மறதியா தந்திரமா என்று ஆராய வேண்டாம், நேராகக் கேளுங்கள்.

• ஜிபியையும் பெயரின் பகுதியாகவே சொல்லிப் பழகுங்கள். இதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஆர்டிஎக்ஸ் 3060 2021 பிப்ரவரியில் வந்தபோது 12 ஜிபி, 192 பிட் மெமரிப் பாதை. 2022 கடைசியில் அதே பெயரில் 8 ஜிபி கார்டு ஒன்றை இறக்கினார்கள். கோர் எண்ணிக்கை அதே 3584. ஆனால் பாதை 128 பிட் ஆகிவிட்டது, நொடிக்கு 360 ஜிபி போய்வந்த இடத்தில் 240 ஜிபிதான் போகும். தாப்பா சாலையில் எதிரே ஒரு லோரி வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இஞ்சின் எவ்வளவு பெரியதாக இருந்தென்ன, ஒதுங்கித்தான் நிற்க வேண்டும்.

ஆர்டிஎக்ஸ் 3050 கதை இன்னும் மோசம். 2022இல் வந்த 8 ஜிபி கார்டில் 2560 கோர், 128 பிட். 2024இல் வந்த 6 ஜிபியில் கோரும் 2304 ஆகக் குறைந்தது, பாதையும் 96 பிட் ஆனது. பெயர் மட்டும் அப்படியே. ஒன்று சொல்லிவிடுகிறேன்: அந்த 6 ஜிபி 70 வாட்தான் குடிக்கும், பெரும்பாலும் தனி மின்கம்பி கேட்காது. ஆபீஸில் கழித்துப் போட்ட பழைய பிசியில் சொருக அது நல்ல கார்டு. 8 ஜிபியின் விலையைக் கொடுத்து அதை வாங்குவதுதான் தப்பு. இன்றைய 5060 டிஐ, 9060 எக்ஸ்டி இரண்டுமே 8, 16 என இரண்டு அளவில் வருகின்றன. வெறும் பெயரைச் சொல்லி விலை கேட்டால் குறைந்ததற்குத்தான் விலை வரும்.

• பவர் சப்ளையின் ஸ்டிக்கரை இன்றே படம் எடுத்து வையுங்கள். 4060 115 வாட், 5060 145 வாட். இரண்டுக்கும் என்விடியா சொல்வது 550 வாட் பவர் சப்ளை. 8 பின் கம்பி இருக்கிறதா என்றும் பாருங்கள், கேஸுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இடம் என்று அளந்தும் வையுங்கள்.

• நம் ஊர்க் குளிரைக் கணக்கில் சேருங்கள். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரம். கோலாலம்பூரை விடப் பத்து டிகிரி போலக் குறைவு. அங்கே மூன்று விசிறி வைத்த கார்டு வேண்டியிருக்கலாம். இங்கே அதே சிப்பில் இரண்டு விசிறி வைத்தது நன்றாகவே ஓடும். மிச்சமாகும் வெள்ளியை மெமரி கூடுதலாக உள்ள கார்டுக்குப் போடுங்கள்.

• கார்டின் பின்பக்க ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெட்டி யாருடையதாகவும் இருக்கலாம், ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைக் கம்பெனித் தளத்தில் தட்டினால் கோர், ஜிபி, பிட் மூன்றும் வந்துவிடும். அனுப்பத் தயங்குகிறவரிடம் நீங்களும் தயங்குங்கள்.

• பார்சலைப் பிரிக்கும்போது நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். ஒட்டுநாடாவை வெட்டுவதிலிருந்து ஸ்டிக்கர் தெரியும் வரை ஒரே ஓட்டம்.

• ரசீதில் முழுப் பெயரையும் ஜிபியையும் எழுதச் சொல்லுங்கள். ‘விஜிஏ கார்டு 1’ என்று எழுதிய ரசீது எதற்கும் உதவாது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி, 50,000 வெள்ளி வரை நீங்களே வழக்குப் போடலாம், வக்கீல் வேண்டாம். மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். இது கடைக்காரர் மீது போடத்தான். பழைய கார்டை விற்ற தனி ஆள் மீது அல்ல.

செய்யக்கூடாதவை

• பெரிய எண் என்றால் வேகம் அதிகம் என்று நினைக்காதீர்கள். 2019இல் வந்த ஆர்டிஎக்ஸ் 2060, 2022இல் வந்த 3050ஐத் தாண்டி ஓடும். தலைமுறை ஏறினாலும் படி இறங்கினால் கணக்கு தலைகீழ்.

• ஒரு கம்பெனி எண்ணை மற்ற கம்பெனி எண்ணோடு உரசாதீர்கள். 7600 என்பது 5060ஐ விடப் பெரிய எண், அவ்வளவுதான். மீனையும் முருங்கைக்காயையும் ஒரே தராசில் போட்டு எது ருசி என்று கேட்க முடியுமா?

• பெயர் ஒன்றாக இருந்தால் சரக்கும் ஒன்று என்று நம்பாதீர்கள். 2022 செப்டம்பரில் என்விடியா ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டை அறிவித்தது, 16 ஜிபி ஒன்று, 12 ஜிபி ஒன்று. மெமரி மட்டும் குறைவு என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். உள்ளே பார்த்தால் ஒன்றில் 9728 கோர், மற்றதில் 7680, சிப்பே வேறு. உலகம் முழுக்க வாங்குகிறவர்கள் கத்தினார்கள். அக்டோபர் 14ஆம் தேதி, பெயர் சரியில்லை என்று சொல்லி 12 ஜிபியைக் கம்பெனியே திரும்ப எடுத்துக்கொண்டது. 2023 ஜனவரியில் அதே கார்டு 4070 டிஐ என்ற பெயரில் வந்தது, 899 டாலர் என்றிருந்த விலை 799 ஆக. வாங்குகிறவர்கள் கத்தியதால் நூறு டாலர் இறங்கியது. 3060க்கும் 3050க்கும் யாரும் அவ்வளவு கத்தவில்லை, அதனால் அவை பெயர் மாறாமலே கடைக்கு வந்தன.

• ஜிபியை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். 2014இல் வந்த ஜிடி 730ஐ 4 ஜிபி என்று இன்னும் விற்கிறார்கள். திரையில் படம் வரும், கேம் வராது. ஜிடி 1030இல் டிடிஆர்4 என்று போட்டிருந்தால் தொடாதீர்கள். ஜிடிடிஆர்5 வைத்த கார்டில் நொடிக்கு 48 ஜிபி, டிடிஆர்4இல் 17 ஜிபி கூட இல்லை.

• ஓசி, டூயல், வென்டஸ், ஈகிள் போன்ற பெயர்களுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். ஓசி என்றால் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றியது, மற்றவை விசிறிக்கும் சட்டைக்கும் வைத்த பெயர்கள், சிப் ஒன்றே.

• லேப்டாப்பில் உள்ள எண்ணை வைத்து டெஸ்க்டாப் கார்டை மதிப்பிடாதீர்கள். டெஸ்க்டாப் 4070இல் 12 ஜிபி, லேப்டாப் 4070இல் 8 ஜிபி. அங்கேயும் சிப் வேறு.

• ஆர்எக்ஸ் 580க்குப் பின்னால் 2048 என்று இருந்தால் 580 விலை கொடுக்காதீர்கள். உண்மையான 580இல் 2304 கோர். 2048 என்பது 570இன் எண்ணிக்கை.

• ஜிடிஎக்ஸ் 900, 10 வரிசைகளை ‘புத்தம் புதுசு’ என்று யார் தந்தாலும் வாங்காதீர்கள். 2025 அக்டோபரோடு அவற்றுக்குப் புது கேம்களுக்கான டிரைவர் நின்றுவிட்டது. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர் வரை. 10 வரிசையில் விஜிஏ துளை வேறு இருந்தால் எழுந்தே வந்துவிடுங்கள். அந்த வரிசைச் சிப்புகளிலிருந்து விஜிஏ நேராக வெளிவராது.

• கார்டின் பெயரைச் சொல்லாத ‘ஐ7 கேமிங் பிசி’ விளம்பரத்துக்கு முன்பணம் போடாதீர்கள். சொல்லிக்கொள்ளும்படியான கார்டு உள்ளே இருந்தால் முதல் வரியிலேயே எழுதியிருப்பார்கள்.

• ஷாப்பியிலோ லசாடாவிலோ பேச ஆரம்பித்து வாட்சப்புக்கு இழுப்பவருக்குப் பணம் அனுப்பாதீர்கள். செயலிக்கு வெளியே போன பணத்துக்குச் செயலி பொறுப்பில்லை. தனியாரிடம் பழையது வாங்கினால் அவருடைய வங்கிக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள். ஏமாந்தது தெரிந்ததும் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் மோசடிப் புகாருக்கான 997க்கு அழையுங்கள்.

• மானிட்டர் கேபிளை மதர்போர்டில் சொருகிவிட்டு கார்டு மோசம் என்று திட்டாதீர்கள். சிரிக்காதீர்கள், நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். கார்டில் உள்ள துளையில்தான் சொருக வேண்டும். சிபியு பெயரில் எஃப் வால் இருந்தால், உதாரணமாக ஐ5 12400எஃப், மதர்போர்டுத் துளையில் படமே வராது.

• பிசியை ஜன்னலோரம் வைக்காதீர்கள். குளிரைக் கணக்கில் சேருங்கள் என்றேன், ஆனால் கூடவே உள்ளே வரும் மூடுபனி வேண்டாம்.

• ‘பொருள் கிடைத்தது’ என்ற பொத்தானைப் பெட்டியைப் பார்த்ததும் அமுக்காதீர்கள். முதலில் கார்டைச் சொருகுங்கள், ஜிபியு-இசட் ஓட்டுங்கள், பெயர், ஜிபி, பிட் மூன்றையும் விளம்பரத்தோடு ஒப்பிடுங்கள், ஒரு கேமை ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். அந்தப் பொத்தான் அமுங்கும் வரை, அல்லது செயலி தந்த கெடு முடியும் வரைதான் பணம் செயலியிடம் இருக்கும்; பிறகு விற்றவன் கைக்குப் போய்விடும். அக்கா மகன் கொரியர் வேன் வாசலை விட்டு நகரும் முன்பே அமுக்கியிருந்தான்.